பட்டை அழுத்தாத இடம்

“இதை முதல்ல பாத்தது யாரு?”

குவாஹாட்டியில் டாக்டர் கேட்ட கேள்வி இது. அவர் இந்தியில் கேட்டார். நர்ஸ் முவானி அதை மிசோவில் திருப்பிச் சொன்னாள். ஸியாமி வாயைத் திறப்பதற்குள் அப்பா, “நான்தான்,” என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். அதோடு முடிந்துபோனது.

நான்கு மாதம் கழித்து, உயிர்போன அம்மாவின் தலையை மடியில் தாங்கியபடி உட்கார்ந்திருந்த ஸியாமிக்கு அந்தக் கேள்வி மறுபடி காதில் கேட்டது. அத்தை தார்நூனி குவளையில் வெந்நீர் மொண்டு ஊற்ற, ஸியாமி விரல்களால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை மருந்து ஏற்றியதில் கொட்டிய முடி இப்போது விரல்கடை அளவு முளைத்திருந்தது. உச்சியில் அந்தக் கட்டி. டிசம்பரில் மொச்சைக்கொட்டை அளவு இருந்தது. இப்போது பாக்கு அளவு. அதன் மேலும் வெந்நீர் வழிந்து இறங்கியது.

“மெதுவா தேயேண்டி. அவளுக்கு வலி...” என்று ஆரம்பித்த அத்தை பாதியில் நிறுத்திவிட்டாள்.

அம்மா காலை ஆறு மணிக்குப் போனாள். ஆறரைக்கு ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள்: “தாங்ஸுவாலா மனைவி லியான்சிங்கி, வயது நாற்பத்தாறு. அடக்கம் இரண்டு மணிக்கு.” ஏழு மணிக்குள் இளைஞர் சங்கத்துப் பையன்கள் மண்வெட்டிகளோடு கல்லறை மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். எட்டு மணிக்குப் பெட்டிக்குப் பலகை அறுக்கும் சத்தம் கேட்டது. இந்த ஊரில் சாவு வந்த வீட்டுக்காரர்கள் எதற்கும் அலைய வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தால் போதும். வருகிறவர்களுக்கு நோய் எப்படி வந்தது என்று சொன்னால் போதும்.

முன்னறையில் அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“நான் பின்னின பட்டைங்க. கல்யாணத்தப்ப பின்னிக் குடுத்தது. இருபத்திரண்டு வருஷம் அதே பட்டை. அழுத்தி அழுத்தித் தலையில கட்டி வந்துருச்சு. அது கீழ எறங்கி வயித்துல போய் உக்காந்துருச்சு.”

“கடவுள் சித்தம், ஸியாமி அப்பா.”

“சித்தமெல்லாம் இருக்கட்டும். உங்க வீட்டுல இருக்கிற பட்டையும் நான் பின்னினதுதானே? தூக்கிப் போட்டுருங்க. நைலான் கயிறு வாங்கிக்கங்க.”

அம்மாவின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மோயி அம்மா கையை நிறுத்தினாள். அவள் முதுகுக்கூடையும் தலையில் மாட்டிக்கொள்ளும் அதே நார்ப்பட்டையில்தான் தொங்கியது. ஊரில் பாதிப் பெண்கள் அப்பா பின்னிய தலைப்பட்டையில்தான் விறகும் நெல்லும் இஞ்சியும் சுமந்தார்கள். அகலமாக இருக்கும், விளிம்பு உறுத்தாது என்று மூன்று ஊர் தள்ளியிருந்துகூட வந்து வாங்கிப்போவார்கள்.

“நேத்து எங்க வீட்டுல இருந்ததையும் வாங்கி வெட்டிப் போட்டாரு,” என்றாள் மோயி அம்மா, குரலைத் தணித்து. “வேணாம்னு சொன்னேன். அழுதாரு. ஆம்பள அழுதா எங்க போய் நிக்கிறது? குடுத்துட்டேன்.”

“எனக்கும்தான் இருக்கு கட்டி,” என்று அத்தை தலைத்துணியை விலக்கிக் காட்டினாள். முன் உச்சியில், முடி தேய்ந்த இடத்தில், தோல் தடித்துப் பளபளவென்று இருந்தது. “முப்பது வருஷக் கட்டி. நான் சாகலையே? கொழுப்பு ஜாஸ்தின்னு சாவு பக்கத்துலயே வரமாட்டேங்குது போல.”

மோயி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணத்தைக் குளிப்பாட்டும் இடம் என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா உயிரோடு இருந்தால் முதலில் சிரித்திருப்பாள்.

ஸியாமி அத்தையின் தலையைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த தலையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே இடம் அல்ல. அது அவளுக்குப் பிப்ரவரியிலேயே தெரியும்.

*

அம்மாவின் உச்சியில் கட்டியை முதலில் தொட்டவள் ஸியாமிதான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, தலை வாரிவிடும்போது சீப்பு எதிலோ தட்டியது.

“அம்மா, இது என்ன?”

“பட்டைத் தழும்புடி. கூடை தூக்குற எல்லாருக்கும் இருக்கிறதுதான். நீயும் தூக்கு, உனக்கும் வரும்.”

ஸியாமி ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டு அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் அவள் எழுந்து நிற்பாள். பதில் தெரிந்திருக்கும். வாயில் வராது. மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பாள். அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் என்று காட்டுக்குப் போக ஆள் தேவைப்பட்டபோது, பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஜனவரியில் அப்பாவும் கட்டியைப் பார்த்தார். சவர பிளேடைத் தீயில் காட்டி, மேல்தோலை மெல்லச் சீவி எடுத்தார். எல்லா வீட்டிலும் தடித்த தோலை அப்படித்தான் சீவுவார்கள். பிறகு துய்பூரில் பஞ்சை நனைத்து வைத்துக் கட்டினார். புகையிலைப் புகை ஏற்றிய அந்தத் தண்ணீரைப் பெண்கள் வாயில் அடக்கிக்கொள்வார்கள். அட்டை கடித்த இடத்திலும் புண்ணிலும் அதைத்தான் தடவுவார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “இவரு என் தலையை இவ்வளவு நேரம் புடிச்சுக்கிட்டு இருந்ததே இல்ல. இன்னும் நாலு கட்டி வந்தாத் தேவலாம்,” என்றாள்.

அம்மாவின் கூடையும் பட்டையும் இப்போது ஸியாமியிடம் இருந்தன. பிப்ரவரியில் ஒரு நாள், காட்டிலிருந்து விறகோடு ஏறி வந்து கூடையை இறக்கியபோது அவளுக்குத் தலை எரிந்தது. தொட்டுப் பார்த்தாள். நெற்றிமுடிக்குக் கொஞ்சம் மேலே, குறுக்காக ஒரு கோடு போல வலித்தது. அன்று மாலை அம்மாவுக்குத் தலை வாரும்போது கட்டியின் இடத்தை விரலால் அளந்தாள். அவளுக்கு வலித்த இடத்திலிருந்து இரண்டு விரல் பின்னால் இருந்தது.

ஒருவேளை அம்மா பட்டையைப் பின்னால் தள்ளிப் போடுவாளோ?

மறுநாள் மலைச்சரிவில் ஆள் இல்லாத இடத்தில் நின்று, பட்டையை இரண்டு விரல் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு எழுந்தாள். மூன்று அடி நடப்பதற்குள் பட்டை வழுக்கியது. கூடை பின்பக்கமாகப் போய், விறகெல்லாம் சரிவில் உருண்டது. மறுபடி கட்டி மறுபடி பார்த்தாள். மறுபடியும் விழுந்தது. அந்த இடத்தில் பட்டையை வைத்துக்கொண்டு யாராலும் நடக்க முடியாது. இருபத்திரண்டு வருஷம் அல்ல, இருபது அடிகூட முடியாது.

அப்படியானால் அது என்ன?

விறகைப் பொறுக்கிக்கொண்டே யோசித்தாள். பயம் அப்போது வரவில்லை. விடுகதை கிடைத்தவள் போல ஒரு பரபரப்புதான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று வழிநெடுக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அடுப்பைச் சுற்றி அப்பா, அம்மா, அத்தை, இன்னும் இரண்டு பேர். கட்டியைப் பற்றித்தான் பேச்சு. அத்தை தன் கட்டியைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“அது அங்க...” என்று ஸியாமி ஆரம்பித்தாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தானாகப் பேசுவது அவ்வளவு அபூர்வம்.

“ஏய், இருங்க இருங்க,” என்றாள் அத்தை. “ஊமை வாயத் தொறக்குது. மூப்பரைக் கூப்பிடுங்கப்பா, ஜெபம் பண்ணிட்டுக் கேப்போம்.”

வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஸியாமியும் சிரித்துவிட்டு, விறகை அடுக்கப் போனாள்.

பிறகு அவள் அதைச் சொல்லவே இல்லை. மார்ச் போனது. சோறு இறங்கவில்லை என்று அம்மாவை ஏப்ரலில் ஐஸ்வாலுக்குக் கொண்டுபோனார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில் புற்று என்றார்கள். யாரும் பெரிதாக அதிர்ந்துபோகவில்லை. இந்த மலையில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றில் அது இருந்தது. அறுத்து எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் வேறு எங்கும் பரவவில்லையா என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று குவாஹாட்டிக்கு அனுப்பினார்கள்.

*

“இது சக்கரை மாதிரி ஒரு மருந்து,” என்றாள் நர்ஸ் முவானி, அம்மாவின் கையில் ஊசியை ஏற்றிக்கொண்டே. குவாஹாட்டி ஆஸ்பத்திரியில் மிசோ பேசுகிற முகம் அது ஒன்றுதான். “ஒடம்புல எந்த எடம் ரொம்பப் பசியா இருக்கோ, அது ஓடி வந்து இதத் தின்னும். படத்துல அந்த எடம் கருப்பாத் தெரியும்.”

“அப்ப என் வயிறு தெரியவே தெரியாது. எனக்குத்தான் பசியே கெடையாதே.”

“உங்களுக்கு இல்ல அக்கா. உள்ள இருக்கிறதுக்கு.”

“ஓ. அதான் நான் தின்னதெல்லாம் எங்க போச்சுன்னு பாத்தேன்.”

“இனி ஒரு மணி நேரம் பேசக்கூடாது. பேசினா தொண்டைச் சதைக்குப் பசி எடுக்கும். அதுவும் கருப்பாத் தெரியும். டாக்டர் கொழம்பிருவாரு.”

அம்மா ஒரு மணி நேரம் பேசாமல் இருந்ததை ஸியாமி அன்றுதான் பார்த்தாள். போர்வைக்குள் படுத்துக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டி உருட்டி, கூரையையும் ஸியாமியையும் பார்த்தாள். ஒரு முறை அவள் முகத்தைச் சுளித்து ஸியாமியைப் போலவே உதட்டை இறுக்கிக் காட்டினாள். கேலி செய்கிறாள் என்று புரிந்து ஸியாமிக்குச் சிரிப்பு வந்தது.

எந்திரம் பெரிய வளையம் போல இருந்தது. படம் எடுக்கிறவர், கண்ணிலிருந்து தொடை வரைக்கும் எடுப்போம், அதற்கு மேலும் கீழும் தேவையில்லை என்றார்; முவானி அதை மிசோவில் சொன்னாள். அம்மா தலைத்துணியோடு படுத்தாள். முவானி ஸியாமியைக் கதவுக்கு வெளியே போகச் சொன்னாள்.

ஸியாமி போகவில்லை.

கண்ணிலிருந்து என்றால் உச்சி படத்தில் வராது. பிப்ரவரியில் வழிநெடுகச் சேர்த்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன. அவள் தன் உச்சியில் விரலை வைத்துக் காட்டினாள்.

“என்னம்மா? தலைவலியா?”

ஸியாமி இல்லை என்று தலையாட்டினாள். முவானியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், அம்மாவின் தலைத்துணியைத் தள்ளி, கட்டியின் மேல் வைத்தாள். முவானியின் விரல்கள் அங்கேயே நின்றன. மெல்ல அழுத்திப் பார்த்தன. நகர்த்திப் பார்த்தன. பிறகு அவள் எடுக்கிறவரிடம் இந்தியில் ஏதோ வேகமாகச் சொன்னாள். அம்மாவைக் கொஞ்சம் கீழே நகர்த்திப் படுக்கவைத்து, உச்சியிலிருந்து தொடங்கினார்கள்.

மறுநாள் டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். அம்மா அதில் பனிமூட்டத்துக்குள் நிற்கிறவள் போல இருந்தாள். வயிற்றில் கருப்பாக ஒரு திட்டு. தலைக்குள் முழுக்கக் கருப்பு.

“ஐயோ, மூளைக்கும் போயிருச்சா?” என்றார் அப்பா.

“மூளை எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்,” என்றாள் முவானி. “அதுக்கு எப்பவுமே பசி. இத பாருங்க.”

மண்டை ஓட்டுக்கு வெளியே, தோலில், தனியாக ஒரு புள்ளி. படத்தில் மிளகு அளவு. ஸியாமி திரைக்கு மிக அருகில் போய் அதைப் பார்த்தாள். மூன்று மாதம் மனதுக்குள் வைத்திருந்தது அங்கே கருப்பாக நின்றது.

கட்டியில் ஒரு துளி வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். வயிற்றில் இருந்த அதே புற்று. இரைப்பைப் புற்று தோலுக்கு வருவது அரிது, உச்சந்தலைக்கு வருவது அதிலும் அரிது என்று டாக்டர் சொன்னார். வயிற்றில் கிளம்பியது ரத்தத்தில் கலந்து அங்கே போய் முளைத்திருக்கிறது. வந்துவிட்ட பிறகு வயிற்றை அறுப்பதில் பயனில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றார்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அப்பாவும் ஒரு கேள்வி கேட்டார். “பட்டை அழுத்தினதால வந்ததா?” இல்லை என்று டாக்டர் சொன்னார். முவானி மிசோவிலும் சொன்னாள். அப்பா தலையாட்டினார். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில், “நம்ம மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அப்படிச் சொல்றாங்க. நல்ல மனுசங்க,” என்றார்.

*

பத்து மணிக்குச் சபை மூப்பர் சாப்ஸோவா வந்தார். ஜெபம் செய்தார். தேநீர் குடித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “குறிப்பு யாரு எழுதறது?” என்று கேட்டார்.

அடக்கத்துக்கு முன்னால் பெட்டியின் பக்கத்தில் நின்று அதை வாசிப்பார்கள். நோய் எப்படித் தொடங்கியது, எங்கெல்லாம் காட்டினார்கள், கடைசியாக என்ன சொன்னார். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட அதற்கு விழித்துக்கொள்வார்கள். ஒருவர் எப்படிச் செத்தார் என்று பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும், அன்று வாசித்ததைத்தான் ஊர் திருப்பிச் சொல்லும்.

“ஸியாமி எழுதுவா,” என்றார் அப்பா. “அவ கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நான் சொல்றேன், நீ எழுதும்மா.”

தாளும் பேனாவும் வந்தன. அப்பா அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஒரே இரவில் கன்னம் உள்வாங்கியிருந்தது.

“எழுது. அவள் கணவர் தாங்ஸுவாலா பின்னிய தலைப்பட்டை அழுத்தியதால்...”

பேனா நகரவில்லை.

“எழுதும்மா. அழுத்தியதால் உச்சியில் கட்டி உண்டாகி, அது வயிற்றுக்கு இறங்கியது. கட்டியை முதலில் பார்த்த கணவர், புத்தியில்லாமல் பிளேடால்...” நிறுத்திவிட்டு, தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணே இதெல்லாம்? ஊரு முன்னால உன்னையே நீ செருப்பால அடிச்சுக்கணுமா?” என்றாள் அத்தை.

“உண்மையத்தான் வாசிக்கணும். பொட்டி பக்கத்துல நின்னு பொய் சொல்லச் சொல்றியா?”

“உண்மையா? உண்மை என்னன்னு நான் சொல்லட்டுமா? ஆபரேஷன் பண்றோம்னு சொன்னாங்கல்ல ஐஸ்வால்ல? இவ போய் விரல நீட்டி அந்தக் கட்டியக் காட்டாம இருந்திருந்தா பண்ணியிருப்பாங்க. அவ பொழச்சிருப்பா. வாயில்லாத பொண்ணு, அன்னிக்குன்னு பாத்து விரலாவது சும்மா இருந்திருக்கக் கூடாதா?”

மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. அதை ஸியாமி கவனித்தாள். அப்படி ஒரு எண்ணம் அவருக்கும் வந்துபோயிருக்கும். அவளுக்கே பல நாள் வந்திருந்தது.

“நான் எழுதிர்றேன்,” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள்.

அடுப்பில் பெரிய அண்டாவில் தேநீர் கொதித்தது. மோயி அம்மா வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தாள். ஸியாமி அரிசிப் பெட்டியின் மேல் தாளை வைத்தாள்.

அப்பா சொன்னபடி எழுதினால் நான்கு வரி. யாரும் அவளைக் கேட்கமாட்டார்கள். பதிலுக்கு அப்பா மிச்ச நாளெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பட்டைகளை வாங்கி வெட்டிக்கொண்டிருப்பார். ஊரும் அப்படியே நம்பும். தாங்ஸுவாலாவின் பட்டை அவன் பெண்டாட்டியைக் கொன்றது என்று பத்து வருஷம் கழித்தும் சொல்லும்.

அது அல்ல என்று எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்போது தெரியும் என்று கேட்பார்கள்.

அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மோயி அம்மா ஒரு குவளைத் தேநீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதில் ஆடை படிந்தது. பிறகு எழுதத் தொடங்கினாள். தொடங்கியபின் ஒரு வரிகூட அடிக்கவில்லை.

*

இரண்டு மணிக்கு வெயில் நன்றாக இருந்தது. வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி, பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். பெட்டியின் மேல் உறவுக்காரர்கள் கொண்டுவந்த நெய்த துணிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. பாட்டு முடிந்ததும் மூப்பர் எழுந்து தாளைப் பிரித்தார். அவர் அதை முன்பே படித்துப் பார்க்கவில்லை. ஸியாமியின் கையெழுத்தில் பிழை இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

“லியான்சிங்கிக்குப் போன ஆண்டு ஆகஸ்டில் வயிற்றெரிச்சல் தொடங்கியது. டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி அவளுடைய உச்சியில் ஒரு கட்டி தெரிந்தது. அதை முதலில் பார்த்தது அவள் மகள் நான்.”

மூப்பர் ஒரு கணம் நிறுத்தி, தாளுக்கு மேலாகப் பார்த்தார். பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. ஸியாமி பெட்டியின் கால்மாட்டில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாரும் அதைப் பட்டைத் தழும்பு என்று நினைத்தோம். அது பட்டைத் தழும்பு அல்ல. பட்டை அழுத்தும் இடத்திலிருந்து இரண்டு விரல் பின்னால் இருந்தது. அந்த இடத்தில் பட்டையை வைத்தால் கூடை விழுந்துவிடும். நான் அம்மாவின் பட்டையை அப்படி இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் விழுந்தது. குவாஹாட்டியில் எடுத்த படத்தில் அது வயிற்றிலிருந்து மேலே போனது என்று தெரிந்தது. மேலிருந்து கீழே வரவில்லை. என் அப்பாவின் பட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் சீவியதாலும் வரவில்லை.”

பெஞ்சுகளில் ஒரு அசைவு. முதலில் மோயி அம்மாவின் கை மெல்லத் தலைக்குப் போனது. பிறகு அவளுக்குப் பின்னால் இருந்தவளின் கை. கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் தலைத்துணிகளுக்குள் விரல்கள் துழாவின. நெற்றிமுடி, பட்டைத் தழும்பு, அதற்குப் பின்னால் இரண்டு விரல். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் தலையைப் பிடித்துத் திருப்ப, “என் தலைய ஏண்டி புடிக்கிற, உன்னுத பாரு,” என்று கிசுகிசுப்பாகச் சண்டை வந்தது. அத்தை தார்நூனியின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

“அந்தக் கட்டி பட்டையால் வந்ததல்ல என்று எனக்குப் பிப்ரவரி மாதமே தெரியும்,” என்று மூப்பர் வாசித்தார். அவர் குரல் இப்போது மெல்லியதாகிவிட்டது. “நான் சொல்லவில்லை. மே மாதம் குவாஹாட்டியில்தான் காட்டினேன். நடுவில் மூன்று மாதம். அப்போதே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கவும் இல்லை.”

கல்லறை மேட்டில் வேலை முடித்துவிட்டு வந்த பையன்கள் வேலியோரமாகச் சேறு படிந்த கால்களோடு நின்றிருந்தார்கள்.

“ஆபரேஷன் செய்யாததால் அம்மா நான்கு மாதம் வீட்டில் இருந்தாள். எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்தாள். இன்று காலை ஐந்தரை மணிக்கு, பன்றிக்குத் தீனி வைத்தாயா என்று கேட்டாள். வைத்தேன் என்றேன். அதுதான் கடைசி.”

மூப்பர் தாளை மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஜெபிப்போம் என்றார்.

ஸியாமி நிமிர்ந்து பார்த்தாள். அப்பா தலை குனிந்திருந்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவர் மட்டும் திறந்த கண்ணோடு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நார் கிழித்துக் கிழித்துக் காய்ப்பேறிய கைகள். அவற்றை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

கல்லறையில் அவர் ஸியாமியின் பக்கத்தில் நிற்கவில்லை. அந்தப் பக்கம் ஆண்களோடு நின்றார். மண் போடும்போதும் அவள் பக்கம் பார்க்கவில்லை. இறங்கி வரும் வழியில் பெண்கள் அவளுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டே வந்தார்கள். அத்தை ஒரு முறை நெருங்கி வந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வாயில் துய்பூர் இருந்தது. அதைத் துப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். அவள் துப்பவில்லை, நடையை எட்டிப் போட்டு முன்னால் போய்விட்டாள்.

*

மாலை ஐந்து மணிக்கெல்லாம் வீடு மறுபடி நிறைந்தது. துக்க வீட்டைத் தனியாக விடக்கூடாது என்று இளவட்டங்கள் பாட வந்துவிட்டார்கள். முன்னறையில் மத்தளம் மெதுவாகத் தொடங்கியது. ஸியாமி சமையல்கட்டில் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழுபதோ எண்பதோ இருக்கும். ஊர் முழுக்கச் சேர்த்துக் கொண்டுவந்த குவளைகள். ஒன்றின் அடியில் சிவப்புப் பெயின்ட், ஒன்றில் எழுத்து, ஒன்றில் நூல். எது யார் வீட்டுடையது என்று பிரித்து வைப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதைச் செய்கிறவரை வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை.

கதவருகில் யாரோ வந்து நின்றார்கள். திரும்பாமலே அப்பா என்று தெரிந்தது. 

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். ஏன் சொல்லல என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தாள். அத்தை சிரித்ததைச் சொல்லலாம். ஆனால் அம்மாவும் அன்று சிரித்தாளே. அதை இன்று எப்படிச் சொல்வது? குவளையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

அப்பா முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவருடைய மூச்சு பிடரியில் பட்டது. அவள் முடியைக் கட்டியிருந்த ரப்பரைக் கழற்றினார். அது சிக்கி ஒரு முடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பிறகு பத்து விரல்களையும் அவள் முடிக்குள் விட்டார்.

நெற்றியிலிருந்து தொடங்கினார். மழைக்காலத்தில் காட்டிலிருந்து வந்த பிள்ளையின் தலையில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது போல, அவசரமில்லாமல், இடம் இடமாகப் பிரித்து, விரல்நுனியால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். உச்சி. உச்சிக்குப் பின்னால். காதுகளின் மேல்பக்கம். பிடரிக்குழி. ஓர் இடத்தில் விரல் நின்றது. மறுபடி அந்த இடத்துக்கே வந்து தடவியது. எலும்பின் மேடுதான். நகர்ந்தது. முன்னறையில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. அவர் மறுபடி நெற்றியிலிருந்து ஆரம்பித்தார்.

ஸியாமியின் கைகள் தண்ணீருக்குள்ளேயே இருந்தன.

இரண்டாவது முறையும் முடிந்தபின், முடியெல்லாம் சேர்த்துப் பிடித்தார். ரப்பரை மாட்டத் தெரியவில்லை. மூன்று சுற்றுக்குப் பதிலாக இரண்டு சுற்றில் விட்டார். கட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்கியது. முக்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார். அவள் திரும்பியபோது அவர் பின்வாசல் படியில் குனிந்து, காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததும் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.